ஏற்காடு மலைப்பாதை: தாரை விடுங்கள், வடிகாலைப் பாருங்கள்

கேள்வி இது: "சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையைப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் மறுபடியும் குழி. ஊருக்குள் கோடிக்கணக்கில் மேம்பாலம் கட்டுகிறவர்களால் இதை ஏன் ஒழுங்காக வைத்திருக்க முடியவில்லை? பாதையை அகலப்படுத்தினால் தீருமா? யாரிடம் கேட்பது?"

வேலைக்காலம் முழுவதையும் தார், ஜல்லி, ரோலர் என்றே கழித்தவன் நான். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், அந்தச் சாலையைக் கெடுப்பது தண்ணீர். அதற்கு வேண்டியது புதுத் தார் அல்ல. வடிகாலைத் தினமும் பார்க்க ஆள். ஆனால் இதை ஒரு வரியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் பாதையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர இருபது கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவுகள். கணக்குப் போட்டால் நூறு மீட்டர் ஓடினால் ஐந்து, ஐந்தரை மீட்டர் ஏற்றம். மலைச் சாலைகளுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதியும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: சாதாரணமாக நூற்றுக்கு ஐந்து, செங்குத்தான இடத்தில் ஆறு. ஆக, பாதையை ஏற்றிய விதத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. செவ்வனே ஏற்றப்பட்ட பாதை.

சிக்கல் வேறு இடத்தில். மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிப் போட்ட சாலை, ஓட்டு வீட்டின் இறவாரத்தில் கட்டிய தகரக் கால்வாய் மாதிரி. மேலே பெய்வது அத்தனையும் அதில்தான் வந்து விழும். ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் மண்ணைக் கொட்டி நிரப்பித் தாங்கு சுவர் கட்டிய பள்ளம். மலைப்பக்கம் ஓடும் வடிகால் அந்தத் தண்ணீரைப் பிடித்து, அடுத்த சிறுபாலம் வரை கொண்டுபோய், சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் பள்ளத்தில் விட வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்துதான் திருமணிமுத்தாறும் சரபங்காவும் இறங்குகின்றன. இரண்டு ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற மலையின் குறுக்கே நாம் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். அந்தத் தண்ணீருக்கு வழி விட்டாக வேண்டும்.

இனி வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சில்வர் ஓக் சருகு, மலையிலிருந்து உருளும் மண், சுற்றுலா வந்தவர்கள் வீசிய பாட்டில், நெகிழிப்பை எல்லாம் சேர்ந்து சிறுபாலத்தின் வாயை அடைக்கும். தண்ணீர் மேலேறித் தார்மேல் ஓடும். சரிவுப் பாதை என்பதால் நிற்காது. அடுத்த கொண்டை ஊசி வரை ஓடி, அங்கே வளைவின் உள்பக்கம் திரண்டு, பள்ளத்துப் பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டு இறங்கும். இதே தண்ணீர் சாலைக்குக் கீழே ஊறினால் இன்னும் மோசம். தாங்கு சுவரில் சிறு சிறு ஓட்டைகள் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறத்தான் அவை. அந்த ஓட்டைகளில் செடி முளைத்து அடைத்துக்கொண்டால், நனைந்த மண்ணின் எடையோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். சுவர் சாய்ந்த பிறகு "தரமில்லாத கட்டுமானம்" என்று செய்தி வரும். சில நேரம் அது உண்மை. பல நேரம், ஓட்டையில் முளைத்த செடியை யாரும் பிடுங்கவில்லை, அவ்வளவுதான்.

மலைப்பக்கத்துக் கதை வேறு. சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். உளி வைத்தால் உடையாத உறுதி. ஆனால் அதில் விரிசல் கோடுகள் நிறைய. பன்னெடுங்காலமாக அந்தக் கோடுகள் வழியாகத் தண்ணீர் புகுந்து, சுற்றிலும் செம்மண்ணாக மாறி, நடுவில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் மிஞ்சியிருக்கின்றன. மண் காய்ந்திருக்கும்வரை கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க மழை ஊறினால் பிடி விடும், கல் உருளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது இப்படித்தான். அந்த அளவு மழைக்கு எந்த வடிகாலும் முழுதாக ஈடுகொடுக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சரிவின் உச்சியில், வெட்டு விளிம்புக்கு மேலே, ஒரு பிடிகால்வாய் வெட்டி மலைத்தண்ணீரை அங்கேயே திருப்பிவிட்டால் விழுகிற இடங்கள் குறையும். மலைச் சாலை வேலையில் முதலில் மறக்கப்படுவது இந்தக் கால்வாய்தான். சாலையில் நின்று பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது, அதனால்.

சரி, குழி எப்படி விழுகிறது? தார்ப்பரப்பில் முதலில் மயிரிழை விரிசல் வரும். வெயிலில் தார் இறுகிப்போவதால் வரும், அடியில் மண் இளகியதாலும் வரும். அந்த விரிசலில் தண்ணீர் இறங்கும். மேலே லாரிச் சக்கரம் ஏறும்போது உள்ளே உள்ள தண்ணீர் பிதுங்கும், சக்கரம் போனதும் மறுபடி உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் ஜல்லிக்கு இடையிலிருக்கிற பொடியைக் கொஞ்சம் வெளியே கொண்டுவரும். மழை நின்ற மறுநாள் சாலையில் விரிசலை ஒட்டி வெள்ளையாகவோ செம்மண் நிறத்திலோ ஒரு கறை தெரிந்தால், அங்கே அடிப்பகுதி காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்புறம் முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக விரிசல், பிறகு ஒரு துண்டு பெயர்ந்து குழி. இந்த வரிசையில் முதல் கட்டத்தில் விரிசலில் தார் ஊற்றி அடைத்தால் செலவு சொற்பம். கடைசிக் கட்டத்தில் மேல்தாரை மட்டும் போட்டு மூடினால் பணம் போச்சு. கீழே இளகியது இளகியபடியே இருக்கும், அடுத்த மழைக்கு அதே இடத்தில் குழி விழும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

பேட்ச் ஒர்க்கிலும் முறை உண்டு. குழியைச் சதுரமாக, செங்குத்தான ஓரங்களோடு வெட்ட வேண்டும். ஈர மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பி இறுக்கி, ஓரத்துக்கெல்லாம் ஒட்டுத் தார் தெளித்து, சூடான கலவையைப் போட்டு ரோலர் விட வேண்டும். கூடையில் கொண்டுவந்து கொட்டி, லாரியே அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டால் அடுத்த வாரம் ஜல்லி சிதறி இருசக்கர வண்டிக்காரர் விழுவார்.

கொண்டை ஊசி வளைவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேருந்து திரும்பும்போது பின்சக்கரங்கள் தாரைத் தேய்த்துக்கொண்டே திரும்பும். மேலே ஏறும் வண்டி அங்கேதான் முழு பலத்தோடு உந்தும், இறங்கும் வண்டி அங்கேதான் பிரேக் மிதிக்கும். வெயிலில் இளகிய தார் உள்பக்கம் அலை அலையாகக் குவிந்துவிடும். சில மலைகளில் வளைவுகளை மட்டும் கான்கிரீட்டாகப் போட்டுவிட்டு, இடைப்பட்ட நேர்ப்பகுதியைத் தாராக விடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஏற்காட்டுக்கும் அதுதான் சரி. போடும்போது பாதி அகலமாகப் போக்குவரத்தை நிறுத்திக் காயவிட வேண்டும், அந்தத் தொல்லையை ஒரு கோடைக்காலம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பாரம். "சனி, ஞாயிறு கார்க்கூட்டம்தான் சாலையைக் கெடுக்கிறது" என்பது சேலத்தில் பொதுவாகக் கேட்கிற பேச்சு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்தே ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அதில் கிடைத்த விதிதான் இன்றும் உலகம் முழுக்கச் சாலை வடிவமைப்பில் புழங்குகிறது. அச்சின் எடை கூடினால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். கார் அச்சு அரை டன், லாரி அச்சு பத்து டன் என்று வையுங்கள். எடை இருபது மடங்கு, சேதம் 1,60,000 மடங்கு. கார்கள் நெரிசல் தரும், சாலையைத் தின்னாது. தின்பது ரிசார்ட்டும் வீடும் கட்ட மணல், ஜல்லி, கம்பி ஏற்றிப்போகும் லாரிகள், மரம் இறக்கும் லாரிகள், பேருந்துகள். கார்க்காரர்கள் செய்யும் கெடுதல் வேறு. வடிகால்மேல் வண்டியை நிறுத்தி அதன் ஓரத்தை உடைப்பார்கள், தின்ற குப்பையை அதிலேயே போடுவார்கள்.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் சட்டப்படியான அச்சு எடையையே உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. எடை பதின்மூன்று சதவீதம்தான் கூடியது, ஆனால் நான்காம் அடுக்கில் பார்த்தால் சேதம் அறுபது சதவீதம் கூடுகிறது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் வாழ்கிற ஊர்கள். இந்த மாற்றத்தை வரவேற்றவர்கள் இங்கே நிறைய. அவர்கள் பிழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். பழைய எடைக்கு வடிவமைத்த மாவட்டச் சாலைகளைப் பலப்படுத்தப் பணம் யார் கொடுப்பது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியப் பகுதி: மேம்பாலத்துக்கு இருக்கும் பணம் இதற்கு ஏன் இல்லை? சேலம் ஊருக்குள் ஐந்து ரோடு மேம்பாலம் 2020 ஜூனில் திறக்கப்பட்டது. கிளைகளையும் சேர்த்து எட்டுக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செலவு 400 கோடியைத் தாண்டியது. அது தேவையில்லை என்று சொல்ல மாட்டேன், ஐந்து ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் மேம்பாலத்துக்கு ஒரு திட்டப் பெயர் உண்டு, கடன் வாங்கலாம், அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம். வடிகால் தூர்வாரியதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்? பராமரிப்புப் பணம் ஆண்டுக்கு ஆண்டு வரவுசெலவில் எடுத்து வைக்க வேண்டிய பணம். நெருக்கடி வந்தால் முதலில் கை வைக்கப்படுவதும் அதில்தான், ஏனென்றால் ஓராண்டு தூர்வாராவிட்டால் அந்த ஆண்டே எதுவும் இடிந்துவிடாது. எட்டுவழிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் முதல் சென்னை வரை 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி என்றார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கையைச் செல்லும் என்றது. ஆதரித்தும் எதிர்த்தும் எவ்வளவு பேசினோம்! இருக்கிற சாலைகளின் பராமரிப்பு ஒதுக்கீடு எவ்வளவு என்று அதில் நூற்றில் ஒரு பங்குகூட யாரும் பேசியதாக நினைவில்லை.

பணத்தைவிடப் பெரிய குறை ஆள். முன்பெல்லாம் சாலையின் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கேங், அதாவது சாலைப் பணியாளர் குழு, இருக்கும். மம்பட்டி, கூடை, கத்தி எடுத்துக்கொண்டு தினமும் அதே சாலையில் நடப்பார்கள். எந்தச் சிறுபாலம் அடைக்கும், எந்த மரம் சாயும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தமிழ்நாட்டில் 1997-ல் ஏறக்குறைய பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை எடுத்தார்கள். 2002-ல் ஒரே உத்தரவில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006-ல் திரும்ப வேலை கொடுத்தார்கள். இடையில் போன 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்று அவர்கள் போராடியது வெகுகாலம் நீடித்தது. அன்று சேர்ந்தவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள், அல்லது பெறும் வயதில் இருக்கிறார்கள். போகிறவர் இடத்துக்கு ஆள் வராவிட்டால், மழை பெய்யும் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போய் அடைப்பைக் குத்திவிட யாரும் இருக்க மாட்டார்கள். பொக்லைன் வரும், உண்மை. மறுநாள் வரும்.

இதற்கு மாற்றாகத்தான் செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் முதலில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் செய்து பார்த்து, பிறகு வேறு கோட்டங்களுக்கும் விரித்தார்கள். ஒரு கோட்டத்தின் சாலைகளை ஐந்தாண்டுக்கு ஒரே ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடுவது. எத்தனை டன் தார் போட்டார் என்று எம்-புக்கில் (வேலையின் அளவைக் குறித்து வைக்கும் பதிவேடு) அளந்து பணம் கொடுக்காமல், சாலை குழியில்லாமல் இருக்கிறதா, வடிகால் திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. யோசனை நல்ல யோசனை. தார் அளவுக்குப் பணம் என்றால் தார் போடத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் சமவெளிச் சாலைக்கு எழுதிய ஒப்பந்தத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் ஓடாது. மண்சரிவு யார் கணக்கு என்பதிலேயே சண்டை வந்துவிடும். மலைப்பாதைக்குத் தனி ஒப்பந்தமும், அதோடு உள்ளூர் ஆட்களைக் கொண்ட நிரந்தர கேங்கும் இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. மலைக் கிராமங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அகலப்படுத்தினால் தீருமா என்று கேட்டீர்கள். தீராது, சிக்கல் கூடவும் செய்யலாம். பாதை ஓடுவது பெரும்பாலும் காப்புக்காட்டில். மரம் வெட்டவும் மலை வெட்டவும் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், மூன்று மீட்டர் அகலம் கூட்ட மலையை எவ்வளவு உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்பது. சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு உயரமாக வெட்டுமுகம் போகும், புதிதாக வெட்டிய முகம் அடுத்த சில மழைக்குச் சரிந்துகொண்டே இருக்கும். அகலமான சாலையில் வேகமும் கூடும். தொப்பூர் கணவாயைப் பாருங்கள். நான்குவழி தேசிய நெடுஞ்சாலைதான், ஆனாலும் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் சரிவில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகிறவர்கள்மேல் மோதுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலை இன்னொரு பாடம். நான்குவழிச் சாலை என்று சுங்கம் வாங்கிக்கொண்டு, ஊர்ப் புறவழிச்சாலைகளை மட்டும் இருவழியாக விட்டார்கள். நான்கு வழியில் பறந்து வந்தவர் திடீரென்று எதிரெதிர் போக்குவரத்தில் போய் நின்றார். விபத்து நடந்த பிறகு அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். ஆக, எல்லா இடத்திலும் அகலம்தான் மருந்து என்பதும் தப்பு, எங்கேயும் தேவையில்லை என்பதும் தப்பு.

ஏற்காட்டில் அகலத்துக்குப் பதிலாகச் செய்யக்கூடியது இருக்கிறது. குப்பனூர் வழியாக ஒரு இரண்டாவது பாதை ஏற்கெனவே உள்ளது. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குவது வழக்கம். கூட்டமான வார இறுதிகளிலும் அப்படியே செய்தால் வளைவில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பது குறையும். அதற்குக் குப்பனூர் பாதையின் வடிகாலையும் தடுப்புச் சுவரையும் முதலில் சரிசெய்ய வேண்டும். இரண்டும் ஒரே மழையில் அடைபட்டால் மேலே இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குக்கூட இறங்க முடியாது. 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய பேருந்து வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மலைப்பாதையில் எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குவதும், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவதும் பழைய ஓட்டுநர்கள் எல்லோரும் கடைப்பிடித்தவை. இதில் வழிவிடும் பழக்கம் சட்டத்திலும் இருக்கிறது.

யாரிடம் கேட்பது? கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மலைப்பாதை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, அதற்குச் சேலத்தில் கோட்டப் பொறியாளர் அலுவலகம் உண்டு. ஊருக்குள் தெருக்கள் மாநகராட்சியுடையவை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் பள்ளம் இறங்கினால் அங்கேதான் போக வேண்டும், நெடுஞ்சாலைக்காரரைத் திட்டிப் பயனில்லை. துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு புகார் போடலாம்.

ஆனால் குழியைப் படமெடுத்துப் போடாதீர்கள் என்பேன். போட்டால் குழியை மூடுவார்கள், அதோடு புகாரையும் மூடிவிடுவார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது, எந்த இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவில் தண்ணீர் தார்மேல் ஓடுகிறதோ அந்த இடத்தைப் படமெடுங்கள். அடைபட்ட சிறுபாலத்தின் வாயை எடுங்கள். வளைவு எண்ணையும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லையும் எழுதுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடிவாரம் முதல் ஏற்காடு வரை உள்ள சிறுபாலங்கள் எத்தனை, அவை ஒவ்வொன்றும் இந்த ஆண்டு எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டன?